ஆடு தாண்டாத வேலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடு வளர்க்க நினைப்பவர்கள் எந்த இனம், என்ன தீவனம், கொட்டில் எப்படி என்று ஆயிரம் விசாரிக்கிறார்கள், வேலியை மட்டும் கடைசிக்கு விட்டுவிடுகிறார்கள். ஆடு வந்து இறங்கிய பிறகு, கையில் கிடைத்த கம்பியையும் கட்டையையும் வைத்து ஓட்டையை அடைப்பதிலேயே மாதக்கணக்கில் நேரம் போகிறது. வேலி முடிந்த பிறகுதான் ஆடு வாங்கப் போக வேண்டும் என்பது என் கட்சி. வேலி ஆட்டை உள்ளே வைக்க வேண்டும், நாயை வெளியே வைக்க வேண்டும், அந்த வேலியே ஆட்டுக்கு எமனாகிவிடவும் கூடாது. மூன்றாவதைப் பலரும் யோசிப்பதே இல்லை, அதனால் கீழே அதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். எல்லாமே வெள்ளாட்டை மனதில் வைத்து எழுதியது. செம்மறிக்கு மாறுகிற இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

மாட்டுக்குப் போட்ட கம்பி வேலி ஏற்கெனவே இருக்கிறது. அதுவே போதாதா?

போதாது. மாடு கம்பியைக் கண்டால் நின்றுவிடும், ஆடு சோதித்துப் பார்க்கும். முதலில் முகரும், உதட்டால் இழுத்துப் பார்க்கும், முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்து ஏறி நிற்கும், அதிலும் வழி கிடைக்கவில்லை என்றால் முட்டி போட்டு அடியில் தலையை நுழைக்கும். தலையும் தோளும் போகிற சந்தில் மீதி உடம்பும் போய்விடும். அதோடு ஆடு தரையில் இருக்கும் புல்லோடு திருப்தி அடையாது, எட்டிப் பறிக்கிற இலைதழை மேல்தான் அதற்கு உயிர், ஆகவே வேலிக்கு அந்தப் பக்கம் பச்சையாக எது நின்றாலும் அந்த இடத்தில் வேலி நாள் முழுக்க அழுத்தம் வாங்கும். மூன்று நான்கு வரிசைக் கம்பி இதற்குத் தாங்காது. ஆனால் பழைய தூண்கள் உறுதியாக இருந்தால் அவற்றைப் பிடுங்க வேண்டாம், அவற்றின் உள்பக்கத்தில் வலையை இழுத்துக் கட்டினால் பாதி வேலை மிச்சம்.

எவ்வளவு உயரம் வேண்டும்?

குறைந்தது 4 அடி. கால் நீளமான இனம், துள்ளுகிற வயதுக் குட்டிகள், கிடா இருக்கிற பட்டி என்றால் 5 அடி. குள்ள இனம்தானே என்று 3 அடியில் நிறுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன், சின்ன உடம்பு இன்னும் லேசாகத் துள்ளும் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. சரிவான நிலத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆடு மேட்டில் நின்று, வேலி அதற்குக் கீழே பள்ளத்தில் இருந்தால் 4 அடி வேலி அதன் கண்ணுக்கு 3 அடிதான். வெளியே மேடாக இருந்தால் இதே வசதி நாய்க்குக் கிடைக்கும். அப்படிப்பட்ட இடத்தில் மட்டும் ஓர் அடி கூட்டிவிடுங்கள், அல்லது வேலியை மேட்டின் விளிம்பிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

உயரத்தை விடப் பெரிய விஷயம் ஆட்டுக்குத் தாண்டுவதற்குக் காரணம் இருக்கிறதா என்பது. வயிறு நிறைந்து, துணைக்கு இன்னும் இரண்டு ஆடு கூட இருக்கிற ஆடு 4 அடி வேலியை வம்புக்கு இழுப்பது குறைவு. ஒற்றை ஆட்டைத் தனியாக அடைத்துப் பாருங்கள், 5 அடியும் பற்றாது, கத்திக்கொண்டே வேலியைச் சுற்றி வரும்.

எந்த வலை நல்லது?

கடைகளில் மூன்று வகை கிடைக்கும். பற்றவைத்த சதுர வலை, அதாவது வெல்டு மெஷ், பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் ஆடு ஏறி நின்று ஆட்டுவதில் பற்றுகள் ஒவ்வொன்றாக விட்டுப்போகும். ஒன்று விட்டால் அந்த ஓட்டை வழியாகக் கம்பியின் கூர்முனை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும், கண்ணில் குத்தினால் போச்சு. சின்ன அடைப்பு, குட்டி போடும் அறை, கதவு, இதற்கெல்லாம் தடித்த கம்பியில் செய்த வெல்டு மெஷ் நல்லது. நீண்ட சுற்று வேலிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

செயின் லிங்க் வலை பரவலாகக் கிடைப்பது, 2 அங்குலக் கண்ணி என்றால் தலை மாட்டாது, குட்டியும் நுழையாது. அதன் குறை அடிப்பக்கம். இழுத்துக் கட்டிய பிறகும் கீழ் ஓரம் தொளதொளவென்றுதான் இருக்கும், ஆடு மூக்கால் தூக்கிவிட்டு வெளியே போகும், நாய் அதே வழியில் உள்ளே வரும். அடியில் தடித்த கம்பி ஒன்றை விறைப்பாக இழுத்து, வலையின் ஒவ்வொரு இரண்டாவது கண்ணியையும் அதோடு கட்ட வேண்டும். மேலேயும் நடுவிலும் இதே மாதிரி ஒவ்வொரு கம்பி. இந்த மூன்று கம்பி இல்லாமல் செயின் லிங்க் போட்டால் ஓர் ஆண்டுக்குள் அது தொங்கிவிடும்.

மூன்றாவது, படுக்கைக் கம்பியும் நிமிர்ந்த கம்பியும் சந்திக்கிற இடத்தில் முடிச்சுப் போட்டுப் பின்னிய வலை. கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்குங்கள். ஆடு மோதினால் வளைந்து கொடுத்துத் திரும்பி நிற்கும், பற்று விடுகிற பேச்சே இல்லை. சில சுருள்களில் கண்ணி கீழே சின்னதாகவும் மேலே போகப் போகப் பெரிதாகவும் இருக்கும், சின்னக் கண்ணி தரைப் பக்கம் வர வேண்டும். தலைகீழாகக் கட்டிவிட்டு, குட்டி எப்படிப் போகிறது என்று கேட்டவர்கள் உண்டு.

எதை வாங்கினாலும் துத்தநாகம் பூசியதா என்று பாருங்கள். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும், 12½ கேஜ் என்றால் சுமார் 2.5 மில்லிமீட்டர், அது நல்ல கனம். பச்சை நிழல்வலை, மீன்வலை, பிளாஸ்டிக் வலை எதையும் வேலியாக நினைக்காதீர்கள். ஆடு அதைக் கடித்துத் தின்னும், விழுங்கிய நைலான் செரிக்காமல் இரைப்பையிலேயே உருண்டையாகத் தங்கிவிடும்.

கண்ணி அளவு அவ்வளவு முக்கியமா? வலை வலைதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். கொம்புள்ள ஆடு 6 அங்குலச் சதுரக் கண்ணிக்குள் தலையைச் சாய்த்து நுழைத்துவிடும், வெளியே இழுக்கும்போது கொம்பு பின்னால் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். பின்னோக்கி இழுக்க இழுக்க இறுகும். அப்படி மாட்டிய ஆடு வெயிலில் மணிக்கணக்காகத் தண்ணீர் இல்லாமல் நிற்கும், கூட இருக்கிற ஆடுகளே வயிற்றில் முட்டும், நாய் வந்தால் அதற்கு ஓட வழி இல்லை.

நான் போட்ட முதல் வேலி 6 அங்குலக் கண்ணிதான். ஒரு மதியம் சினையாட்டின் தலை மாட்டிக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை, சாயங்காலம் போய்ப் பார்த்தபோது நாக்கு தள்ளி நின்றுகொண்டிருந்தது. அது பிழைத்தது, வயிற்றில் இருந்த குட்டி பிழைக்கவில்லை. அந்த வேலியை முழுக்கப் பிரித்துவிட்டு வேறு வலை போட்டேன், அதைச் செலவு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை.

சரி, எந்த அளவு? தலையே நுழையாத அளவு, இல்லையென்றால் நுழைந்த தலை தாராளமாகத் திரும்பி வருகிற அளவு. இடைப்பட்டதுதான் ஆபத்து. 4 அங்குலச் சதுரம், அல்லது 2 அங்குலத்துக்கு 4 அங்குலம், இதில் வளர்ந்த ஆட்டின் தலை போகாது. நிமிர்ந்த கம்பிகளுக்கு நடுவே 12 அங்குல இடைவெளி உள்ள வலையில் தலை போகும், ஆனால் திரும்பி வந்துவிடும். குட்டிகள் இருக்கிற பட்டிக்கு அது ஆகாது, அவை அப்படியே வெளியே நடந்து போய்விடும்.

ஏற்கெனவே 6 அங்குல வலை போட்டுவிட்டேன், இப்போது என்ன செய்வது?

உள்பக்கத்தில், தரையிலிருந்து 3 அடி உயரம் வரைக்குமாவது, சின்னக் கண்ணி வலையை மேலே வைத்துக் கட்டுங்கள். அதுவரைக்கும் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிற ஆட்டுக்கு, ஒன்றரை அடி நீளமுள்ள லேசான பிளாஸ்டிக் குழாயை இரண்டு கொம்புக்கும் குறுக்கே வைத்து டேப்பால் சுற்றிக் கட்டலாம், கண்ணிக்குள் தலை போகாது. பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் மேய்வதற்குத் தடை இல்லை. டேப் தளர்ந்துவிட்டதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

மாட்டியிருக்கிற தலையை எடுக்கும்போது பின்னால் இழுக்காதீர்கள். இன்னொருவர் உடம்பைப் பிடித்துக்கொள்ள, தலையை முன்னால் சற்றுத் தள்ளி, தாடையைத் தூக்கி, பக்கவாட்டில் திருப்பி முதலில் ஒரு கொம்பை வெளியே கொண்டுவாருங்கள், அப்புறம் மற்றது. ஆடு துவண்டுவிட்டது என்றால் யோசிக்காமல் கம்பியை வெட்டிவிடுங்கள். கம்பியைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

முள்கம்பி போடலாமா?

ஆட்டுக்கு வேண்டாம். தோல் மெல்லியது, பால் மடி தொங்குவது, எப்படியும் நுழைந்து பார்க்கிற குணம், மூன்றும் சேர்ந்தால் முள்கம்பியில் மடி கிழிவது நிச்சயம். துருப்பிடித்த முள் குத்திய ஆழமான சின்னக் காயத்தில் டெட்டனஸ் வர வாய்ப்புண்டு, அது வந்த ஆட்டைக் காப்பாற்றுவது கடினம். வெளியிலிருந்து எதுவும் ஏறி வராமல் இருக்க, வலைக்கு மேலே, ஆட்டின் தலைக்கு எட்டாத உயரத்தில் வெளிப்பக்கமாகச் சாய்த்து ஒரு வரிசை போடுவது வேறு விஷயம், அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

தூண் எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரத்துக்கு ஒன்று? மூலைத் தூண் ஏன் சாய்ந்துவிடுகிறது?

நடுவில் வரும் தூண்கள் 8 முதல் 10 அடிக்கு ஒன்று, மண்ணுக்குள் இரண்டரை அடி. தூணின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டால் தப்பு வராது. மண் பொலபொலவென்று இருந்தாலோ தண்ணீர் நிற்கிற இடமாக இருந்தாலோ இன்னும் ஆழம்.

வலை நன்றாக நிற்பதும் தொங்குவதும் மூலைத் தூணின் கையில்தான் இருக்கிறது. இழுத்துக் கட்டிய வலை அத்தனையும் மூலைத் தூணைத்தான் பிடித்து இழுக்கிறது, ஒரு பக்கம் இல்லை, இரண்டு பக்கமும். அதனால் அது நடுத் தூண்களை விடத் தடிமனாக, 3 அடிக்குக் குறையாமல் புதைந்து, முட்டுக் கொடுத்து நிற்க வேண்டும். சாய்வான முட்டுக்கால் கொடுப்பது பழக்கம், ஆனால் அது வேலிக்கு உள்ளே வந்தால் ஆட்டுக்குப் படிக்கட்டு. மூலைத் தூணுக்கு உள்ளே சாய்வுக்கால் வைத்துவிட்டு அதன் மேல் ஆடு நடந்து ஏறிக் குதிப்பதைப் பார்த்த பிறகுதான் பலருக்கும் இது புரிகிறது.

அதற்கு மாற்று, வேலி போகிற கோட்டிலேயே மூலைத் தூணிலிருந்து 7, 8 அடி தள்ளி இரண்டாவது தடித்த தூண் நட்டு, இரண்டின் மேல்பக்கத்தையும் ஒரு படுக்கைக் கட்டையால் அல்லது குழாயால் இணைப்பது. அப்புறம் மூலைத் தூணின் அடியிலிருந்து இரண்டாவது தூணின் உச்சிக்குக் குறுக்காகக் கம்பியைச் சுற்றி முறுக்கி இறுக்குங்கள். திசை மாறினால் பயன் இல்லை, மூலையின் அடி, அடுத்த தூணின் உச்சி, இதுதான். வலை மூலைத் தூணை இழுக்கும்போது படுக்கைக் கட்டை அந்த விசையை இரண்டாவது தூணுக்குத் தள்ளும், குறுக்குக் கம்பி அதைப் பிடித்துக்கொள்ளும். கதவுத் தூண் இரண்டுக்கும் இதே மாதிரி செய்ய வேண்டும்.

கான்கிரீட் போட்டிருந்தால் ஒரு வாரமாவது விட்டுவிட்டுத்தான் வலையை இழுக்க வேண்டும். அவசரப்பட்டு மறுநாளே இழுத்தவர்களின் மூலைத் தூண்தான் பெரும்பாலும் சாய்ந்து நிற்கிறது.

வலை தூணுக்கு உள்ளேயா வெளியேயா?

உள்ளே, ஆடு இருக்கிற பக்கம். ஆடு சாயச் சாய வலை தூணோடு ஒட்டும். வெளியே கட்டினால் ஒவ்வொரு தள்ளலும் ஆணியைத்தான் பிடுங்கும். மரத்தூண் என்றால் யு ஆணியை மரத்தின் ரேகைக்குச் சற்றுச் சாய்த்து அடியுங்கள், கம்பி லேசாக நகர்கிற அளவு இடம் விட்டு நிறுத்திவிடுங்கள், கம்பியை நசுக்கி அடித்தால் அங்கேதான் துரு ஆரம்பிக்கும். வெட்டிப்போட்ட கம்பித் துண்டு ஒன்று விடாமல் பொறுக்கிவிடுங்கள். குளம்பில் ஏறும், தீவனத்தோடு வயிற்றுக்குள்ளும் போகும்.

நாய் தோண்டிக்கொண்டு வருகிறது. அடியில் என்ன செய்வது?

பல இடங்களில் ஆட்டைக் கொல்வது காட்டு விலங்கை விட நாய்கள்தான், அதுவும் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வந்தால் பசிக்காகக் கடிப்பதில்லை, ஓட ஓடக் கடித்துப்போட்டுவிட்டுப் போய்விடும். அதனால் வேலியின் அடியை அதன் மேல்பக்கத்தை விடவும் அக்கறையாகப் பாருங்கள்.

நாய் வேலி ஓரத்தில் மூக்கை வைத்துத்தான் தோண்டும், இரண்டடி தள்ளி நின்று தோண்ட அதற்குத் தோன்றாது. இதை வைத்தே வேலை முடிக்கலாம். ஒன்றரை அல்லது 2 அடி அகல வலைப் பட்டையை வேலியின் அடியோடு சேர்த்துக் கட்டி, வெளிப்பக்கம் தரையில் பாய் மாதிரி விரித்து, முளை அடித்து, மேலே மண் தூவிவிடுங்கள். புல் முளைத்து அதோடு பின்னிக்கொள்ளும், அப்புறம் நீங்களே பிடுங்க நினைத்தாலும் வராது. வலையை ஓர் அடி ஆழத்துக்குப் புதைப்பதும் செய்யலாம், ஆனால் பள்ளம் வெட்டுகிற உழைப்பு அதிகம், புதைந்த கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். எனக்கு விரிப்பதுதான் பிடித்திருக்கிறது.

நிலம் மேடுபள்ளமாக இருந்தால் வலைக்கு அடியில் சந்து விழும். 4 அங்குலத்துக்கு மேல் எங்கே வெளிச்சம் தெரிந்தாலும் அது வழி என்று எடுத்துக்கொண்டு கல் வைத்து, மண் அணைத்து, முளை அடித்து மூடுங்கள். ஓடை, வாய்க்கால் குறுக்கே போனால் வலையை அதன் குறுக்கே இறுக்கக் கூடாது, வெள்ளத்தில் வருகிற குப்பை மோதி இரண்டு பக்கத் தூணையும் சேர்த்து இழுத்துப் போய்விடும். மேலே ஒரு கம்பி கட்டி அதிலிருந்து தனியாக ஒரு வலைத் துண்டைத் தொங்கவிடுங்கள், தண்ணீர் வந்தால் தூக்கிக்கொடுத்து, வடிந்ததும் இறங்கிக்கொள்ளும்.

மின்வேலி ஆட்டுக்குச் சரிப்படுமா?

சரிப்படும், ஆனால் தனியாக அதை மட்டும் நம்பி விட்டுவிட்டு ஊருக்குப் போக முடியாது. மின்வேலி ஆட்டின் உடம்பைத் தடுப்பதில்லை, அதன் நினைவைத்தான் தடுக்கிறது. ஒரு தடவை சுள்ளென்று மூக்கில் வாங்கிய ஆடு அந்தக் கம்பியை மறக்காது, ஆனால் மின்சாரம் நின்றுபோன நாளையும் அது எப்படியோ கண்டுபிடித்துவிடும்.

எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த ஏற்பாடு, நல்ல வலை வேலியோடு உள்பக்கத்தில் ஒரே ஒரு மின்கம்பி. தரையிலிருந்து ஓர் அடிக்குச் சற்று மேலே, வலையிலிருந்து ஒரு சாண் முன்னால் தள்ளி, மின்சாரம் கடத்தாத காப்பான்களில் ஓடவிடுங்கள். ஆடு வலையில் உரசுவது, தினவுக்குத் தேய்ப்பது, ஏறி நிற்பது, தலையை விடுவது எல்லாம் நின்றுபோகும், வலையின் ஆயுளும் கூடும். வெறும் கம்பிகளை வைத்தே மின்வேலி போடுவதாக இருந்தால் 5 முதல் 7 வரிசை, கீழே 6 அங்குலத்துக்கு ஒன்று, மேலே போகப் போகச் சற்று இடைவெளி கூட்டலாம்.

வேலியின் கடைசி முனையில் அளந்தால் 4,000 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் பெரும்பாலும் இரண்டு காரணம்தான். ஒன்று, புல்லும் கொடியும் கம்பியைத் தொட்டு மின்சாரத்தைத் தரைக்குக் கடத்துவது. மற்றது பூமித்தொடர்பு. ஆடு கம்பியைத் தொடும்போது மின்சாரம் அதன் குளம்பு வழியாக மண்ணுக்குப் போய், மண் வழியாக எனர்ஜைசருக்கு, அதாவது கம்பிக்கு மின்துடிப்பு அனுப்புகிற பெட்டிக்கு, திரும்பினால்தான் அடி விழும். எனர்ஜைசரின் துடிப்பு ஆற்றலை ஜூல் கணக்கில் சொல்வார்கள், ஒரு ஜூலுக்குக் குறைந்தது 3 அடி பூமித்தொடர்புக் கம்பி மண்ணுக்குள் இருக்க வேண்டும், ஒன்றுக்கு மேல் அடித்தால் ஒன்றுக்கொன்று 10 அடி தள்ளி அடியுங்கள். காய்ந்த மணல், பாறை நிலத்தில் இதுவும் போதாமல் போகும், அங்கே ஒரு கம்பி மின்கம்பி, அடுத்தது பூமிக்கம்பி என்று மாற்றி மாற்றி ஓடவிட்டால் ஆடு இரண்டையும் சேர்த்துத் தொடும்போது அடி கிடைக்கும். செம்மறிக்குக் கம்பளி காப்பாக இருப்பதால் மூக்கு, காது படுகிற உயரத்தில் கம்பி வராவிட்டால் அது ஒன்றும் உணராது.

பழக்காத ஆட்டை நேராக மின்வேலிக்குள் விடாதீர்கள். மிரண்டு முன்னால் பாய்ந்து வெளியே போய்விடும், அப்படி ஒரு தடவை போன ஆட்டுக்கு அதுவே பாடமாகிவிடும். உறுதியான சின்ன அடைப்புக்குள் ஒரு மின்கம்பியைக் கட்டி, இரண்டு மூன்று நாள் அங்கேயே இருக்கவிட்டு, அது தானாகத் தொட்டுப் பார்த்துப் பின்வாங்கப் பழகிய பிறகு பெரிய இடத்துக்கு மாற்றுங்கள்.

வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுத்தால் என்ன?

மனிதர் சாவார். இதில் பாதி வழி, பாதுகாப்பான வழி என்று எதுவும் இல்லை. எனர்ஜைசர் நொடிக்கு ஒரு தடவை போல, நூறில் ஒரு பங்கு நொடி கூட நீடிக்காத துடிப்பாகத்தான் அனுப்புகிறது, அந்த இடைவெளியில்தான் தொட்டவர் கையை எடுக்கிறார். வீட்டு மின்சாரம் விடாது. உங்கள் பகுதியில் மின்வேலிக்கு உள்ள விதியைக் கேட்டு, தரமான எனர்ஜைசர் வாங்கி, பாதையோரத்தில் எச்சரிக்கைப் பலகை வையுங்கள். முள்கம்பியில் எனர்ஜைசர் மின்சாரம் கூடக் கொடுக்கக் கூடாது, மாட்டிக்கொண்டவரால் விடுபட முடியாமல் அடி வாங்கிக்கொண்டே இருக்க நேரும்.

எடுத்துச் செல்கிற மின்வலை?

மேய்ச்சலை மாற்றி மாற்றி விடுவதற்கு மிகவும் வசதி. ஆனால் கொம்புள்ள ஆடும் சின்னக் குட்டியும் அதில் சிக்கினால் அடி விழ விழ உருண்டு இன்னும் சுற்றிக்கொள்ளும், செத்துப்போன ஆடுகள் உண்டு. கொம்பில்லாத, பழகிய ஆடுகளுக்கு, கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்கும் பகல் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கதவை எப்படிப் போடுவது?

எவ்வளவு நல்ல வேலியும் கதவில்தான் தோற்கும். ஆட்டுக்கு உதடுதான் விரல், இழுக்கிற தாழ்ப்பாளை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும், கட்டிய கயிற்றைத் தின்றே முடித்துவிடும். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கட்டும், அதோடு கொக்கி வைத்த சங்கிலி ஒன்றும் இருக்கட்டும். கதவு திறக்கிற திசை உள்பக்கம், அப்போதுதான் உள்ளிருந்து முட்டுகிற ஆடு கதவை மூடவே செய்யும். கீலின் முளைகள் இரண்டும் மேல்நோக்கி இருந்தால் ஆடு கதவுக்கு அடியில் தலையைக் கொடுத்துத் தூக்கிக் கழற்றிவிட முடியும், மேல் கீலின் முளையைத் தலைகீழாக மாட்டிவிட்டால் அது நடக்காது. அடியில் 3, 4 அங்குலத்துக்கு மேல் சந்து வேண்டாம், கதவிலும் வேலியில் உள்ள அதே சின்னக் கண்ணி வலைதான்.

ஆள் போக 4 அடி, வண்டி போக 12 அடி என்று இரண்டு கதவு தனித்தனியாக இருந்தால் நல்லது, பெரிய கதவைத் தினமும் திறப்பதில்தான் ஆடு நழுவும். இடம் இருந்தால் ஆள் கதவுக்கு முன்னால் சின்ன அடைப்பு ஒன்று கட்டி இரட்டைக் கதவாக்குங்கள், ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறக்கலாம். கதவு வேலியின் நடுவில் இருப்பதை விட மூலையில் இருந்தால் ஆடுகளை ஓட்டுவது எளிது, வேலியை ஒட்டியே ஓடி வந்து தானாகக் கதவில் சேரும்.

செடிகளை வைத்து உயிர்வேலி போட்டால் செலவு குறையாதா?

குறையும், ஆனால் அடர்ந்து நிற்க ஆண்டுகள் ஆகும், அதுவரை ஆட்டிடமிருந்து உயிர்வேலியைக் காப்பாற்ற இன்னொரு வேலி வேண்டும். ஆடு தின்னாத செடியாகப் பார்த்து நட வேண்டும் என்று தேடினால் நம் மொழியிலேயே ஒன்று சொல்லி வைத்திருக்கிறார்கள், ஆடாதொடை, ஆடு தொடாத இலை. நொச்சியையும் ஆடு பெரும்பாலும் சீண்டாது. இவற்றை வலை வேலிக்கு வெளியே துணைக்கு நடலாம், காற்றையும் வெளியாள் பார்வையையும் தடுக்கும். அரளியை மட்டும் ஆடு எட்டுகிற தூரத்தில் எங்கேயும் வைக்காதீர்கள், கொஞ்சம் இலையே உயிரை எடுத்துவிடும், காய்ந்த இலையிலும் விஷம் இருக்கும். உண்ணிச்செடியும் கல்லீரலைக் கெடுப்பது, வேலியோரத்தில் தானாக முளைத்திருந்தால் பிடுங்கிவிடுங்கள்.

கிடாவுக்குத் தனி வேலி தேவையா?

தேவை. பெட்டை ஏறத்தாழ 21 நாளுக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும், அந்த நேரத்தில் கிடா எந்த வேலியையும் இடித்துப் பார்க்கும், ஒற்றை வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றே இனச்சேர்க்கை நடந்துவிடுவதும் உண்டு. இரண்டுக்கும் நடுவே 5 அடி இடைவெளி விட்டு இரட்டை வேலி போடுவதுதான் தீர்வு. ஆண் குட்டிகளை 3 மாதம் முடிவதற்குள் பிரித்துவிடுங்கள். கிடாப் பட்டியில் தூண் இடைவெளி 8 அடிக்கு மேல் வேண்டாம்.

வேலி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் குதித்துவிடுகிறது.

வேலி ஓரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, தீவனத் தொட்டி, வெட்டிப்போட்ட மரம், பாறை, எருக்குவியல், கொட்டிலின் தாழ்ந்த கூரை, எதுவாக இருந்தாலும் வேலியிலிருந்து 6, 7 அடி தள்ளி இருக்க வேண்டும். வேலியில் உள்பக்கமாகப் படுக்கைக் கட்டைகள் இருந்தால் அதுவும் ஏணிதான், வெளிப்பக்கம் மாற்றுங்கள். ஆட்டுக்கு ஏறி நிற்க ஆசை, அது தீராது. பட்டியின் நடுவில் மேடையோ கற்குவியலோ போட்டுக்கொடுங்கள், குளம்பும் தேயும், வேலியின் மேல் ஏறுவதும் குறையும்.

மொத்த நீளத்தை எப்படிக் குறைப்பது?

வடிவத்தை மாற்றிப் பாருங்கள். 1 ஏக்கரைச் சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் சுமார் 209 அடி, சுற்றளவு சுமார் 835 அடி. அதே 1 ஏக்கரை 100 அடி அகலத்தில் நீளமாக எடுத்தால் சுற்றளவு 1,070 அடியைத் தாண்டும். 10 அடிக்கு ஒரு தூண் என்றால் இருபதுக்கும் மேற்பட்ட தூண்கள் கூடும். எல்லைக் கோட்டின் மேலேயே போடாமல் இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளிப் போடுங்கள், வெளிப்பக்கம் நடந்து புல் வெட்டவும் பழுது பார்க்கவும் இடம் இருக்கும். பணம் போதவில்லை என்றால் தரத்தைக் குறைத்து முழு இடத்தையும் வளைக்காமல், கால் பங்கு இடத்தை ஒழுங்காக வளைத்துவிட்டு மீதியை அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

நல்ல வேலி இருந்தால் இரவிலும் வெளியே விடலாமா?

நான் விட மாட்டேன். சிறுத்தைக்கு 5 அடி வேலி ஒரு தடையே இல்லை, அது நடமாடுகிற இடத்தில் மேலேயும் மூடிய, நான்கு பக்கமும் தடித்த வலை அடித்த கொட்டில்தான் காப்பாற்றும். சிறுத்தை இல்லாத இடத்திலும் நாய் வருவது இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்பும்தான். பகலுக்கு வேலி, இரவுக்குக் கொட்டில்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்?

வாரம் ஒரு முறை முழுச் சுற்றும் நடந்து, பெரிய காற்றுமழைக்கு மறுநாள் காலையில் ஆட்டை வெளியே விடுவதற்கு முன்னால். கண்ணால் பார்த்தால் போதாது, ஒவ்வொரு தூணையும் கையால் தள்ளுங்கள், வலையின் அடியைக் காலால் நெம்புங்கள். வலையில் முடி ஒட்டியிருக்கிற இடத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கேதான் ஆடு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆடு வெளியே போய்விட்டது, என்ன செய்வது?

துரத்தாதீர்கள். துரத்தினால் பாதையைக் கடந்து ஓடும், மற்றவையும் பின்னால் போகும். தீவன வாளியைக் குலுக்கிக்கொண்டு நீங்கள் முன்னால் நடங்கள், வழக்கமாகத் தீவனம் வைக்கிற நேரத்துச் சத்தம் அதற்குத் தெரியும், தலைமை ஆடு திரும்பினால் எல்லாம் திரும்பிவிடும். உள்ளே விட்டதும் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடாமல், சற்றுத் தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று பாருங்கள். போன வழிக்கே முதலில் போகும். அந்த இடத்தை அன்று பொழுது சாய்வதற்குள் அடைத்துவிடுங்கள்.